கல்லக்காவின் கணிப்பு

ஸ்கேன் படத்தைத் திரையில் மேலிருந்து கீழே ஒரு தடவை ஓட்டிவிட்டு, பேனா மூடியால் தட்டிக் காட்டினார் கல்லக்கா. “இது அடாவடிக் கல்லு டாக்டர். அடிச்சா உடையும். ஆனா ஒரு துண்டு கீழ் மூலையில போய் ஒளிஞ்சுக்கும், பாருங்க.” மறுநாள் நோயாளியின் முதுகில் சிறு துளையிட்டு, குழாயை நுழைத்து, சிறுநீரகக் கல்லைப் பொடித்து எடுத்தார்கள். எல்லாம் வந்தது. கீழ் மூலையில் ஒரு துண்டு மட்டும் வரமாட்டேன் என்றது.

ஸ்கேன் அறையில் இருபத்திரண்டு வருடமாகப் படம் எடுக்கும் அவருக்குக் ‘கல்லக்கா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இப்படித்தான். முகங்கள் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் திருதிருவென்று விழிப்பார். “இடது பக்கம், மான்கொம்பு மாதிரி கல்லு...” என்று அந்த ஆள் எடுத்துக் கொடுத்ததும், “அட, நீங்களா! வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்று மலர்ந்துவிடுவார்.

அறுவை மருத்துவர் அவரைவிட வயதில் மிகவும் இளையவள். அவளிடம் ஒரு மதிப்பெண் தாள் உண்டு. கல்லின் அளவு, எண்ணிக்கை, இடம், கடினம் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டினால், கல் மிச்சமில்லாமல் வெளியேற நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று சொல்லிவிடும். கல்லக்காவுக்கு அந்தத் தாளைக் கண்டாலே இளக்காரம். “நூத்துக்கு எண்பதாம்! படுத்திருக்கிறது நூறு பேரா டாக்டர்? ஒத்த ஆளுதானே?”

போன மாதம் அந்த ஒற்றை ஆளாக வந்து படுத்தவர் கல்லக்காவின் கணவர். வலது சிறுநீரகத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கல்.

மருத்துவர் புள்ளிகளைக் கூட்டினாள். “தாள் தொண்ணூறு சொல்லுது. நீங்க என்னக்கா சொல்றீங்க?”

கல்லக்கா படத்தை மேலும் கீழும் ஓட்டினார். ஏழெட்டுத் தடவை ஓட்டினார். “கண்ணு சரியாத் தெரியல டாக்டர். கண்ணாடி மாத்தணும்.”

“ஊருக்கெல்லாம் சொல்லுவே, எனக்கு மட்டும் ஊமையாயிட்டியா?” என்றார் கணவர்.

“நீங்க பேசாதீங்க. தண்ணி குடிங்க, தண்ணி குடிங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேனே, கேட்டீங்களா?”

கணவரை அடக்கிவிட்டு, கல்லக்கா மருத்துவரின் பின்னாலேயே தாழ்வாரம் வரை ஓடினார். குரல் இறங்கிவிட்டது. “டாக்டர்... அந்தத் தாள்ல இன்னொரு தடவை கூட்டிப் பாருங்களேன். தொண்ணூறுதானே வருது?”

மருத்துவர் சிரிக்காமல், அவர் கண்முன்னாலேயே முதலிலிருந்து கூட்டிக் காட்டினாள். தொண்ணூறுதான்.

அறுவைக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்தவள், “ஒரு துகள் பாக்கியில்லக்கா” என்று கல்துண்டுகள் கிடந்த சிறு புட்டியை நீட்டினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அக்கா அதன் ஜாதகத்தை வாசிக்கப்போகிறார் என்று செவிலியர் இருவர் ஆவலாக நெருங்கினார்கள். கல்லக்கா அதைப் பார்க்கவே இல்லை. வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். தள்ளுவண்டியில் மயக்கம் தெளியாமல் வந்த கணவரின் பாதங்கள் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. போர்வையை இழுத்து மூடினார். பிறகு அதன் மேலாகவே அவருடைய கால் கட்டைவிரலைப் பற்றிக்கொண்டு, வார்டு வரைக்கும் வண்டியோடு நடந்தார்.