தொப்பி போட்ட எழுத்துகள்

எப்சிபாவுக்கு எதையும் எட்டிப் பார்த்தே ஆகவேண்டும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் என்ன படிக்கிறார் என்று கழுத்தை நீட்டி, மாட்டிக்கொண்டு, அசடு வழிந்து ஜன்னல் பக்கம் திரும்புகிற ரகம். பிறந்து வளர்ந்தது சித்தூர். வேலை திருப்பதியில், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். வருகிறவர்களின் பெயரையும் வயதையும் கேட்டு கம்ப்யூட்டரில் ஏற்றி, குப்பியில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஹாஸ்டல் அறையில் கூட இருப்பவள் ஹர்ஷினி, தெலுங்குப் பெண். அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் பைத்தியத்தை ஒட்டவைத்த புண்ணியவதி அவள்தான்.

இருவரும் சேர்ந்து பார்த்த தொடர்களில் ஒன்று எப்சிபாவின் தொண்டையில் முள்ளாக மாட்டிக்கொண்டது. மலையடிவாரத்தில் ஒரு சின்ன ரயில் நிலையம். அங்கே டிக்கெட் கிழிக்கிற நவோ என்கிற பெண், வீட்டைவிட்டுப் போன அண்ணனுக்காகக் காத்திருக்கிறாள். புத்தாண்டு காலையில் அவள் கோயிலுக்குப் போய்க் குலுக்கலில் வருஷ பலன் சொல்கிற ஒரு காகிதச் சீட்டை எடுக்கிறாள். பிரித்துப் படிக்கிறாள். முகம் எப்படியோ ஆகிறது. சிரிப்பா, அழுகையா, கண்டுபிடிக்க முடியவில்லை. சீட்டை மடித்து மரக்கிளையில் கட்டிவிட்டுப் போய்விடுகிறாள். கீழே சப்டைட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அந்தச் சீட்டுல இன்னா எழுதியிருந்துச்சு?" என்றாள் எப்சிபா. ஹர்ஷினிக்கு இவளோடு இருந்து இருந்து தமிழ் பாதி புரியும். நெட்டில் கேள், இல்லாவிட்டால் போன் கேமராவைக் காட்டு, அதுவே சொல்லிவிடும் என்று தெலுங்கில் அலுத்துக்கொண்டாள். எப்சிபா கேட்கவில்லை. வாயைத் திறந்து பேசுவதைத்தான் சப்டைட்டில் சொல்கிறது. கடைப் பலகை, கரும்பலகை, சுவர் நோட்டீஸ் எல்லாவற்றையும் அம்போ என்று விட்டுவிடுகிறது. ஒரு ஊரே பின்னால் எழுதிவைத்துக்கொண்டு நிற்கிறது, அதைப் படிக்க ஆளில்லை. இந்தச் சீட்டையாவது தானே படிப்பது, யாரையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தாள்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் சித்தூரில் இருந்தது. அவர்களுடையது பழைய மிஷன் சபை, ஆராதனை தமிழில் நடக்கும். புத்தாண்டு காலையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். வருஷம் முழுவதுக்குமாக அதில் ஒரு வேத வசனம் தமிழில் அச்சாகியிருக்கும். எப்சிபா வாங்கிய அட்டை எதையும் அவளாகப் படித்ததில்லை. படித்த பள்ளிக்கூடம் தெலுங்கு மீடியம். தமிழ் பேச வரும், படிக்க ஓரெழுத்து வராது. அம்மா தபீதாள்தான் படித்துச் சொல்வாள்.

அப்பா சுந்தர்ராஜ் கதை தலைகீழ். காட்பாடிப் பக்கம் ஹாஸ்டலில் தங்கித் தமிழில் படித்தவர். பலமனேர் சந்தையிலிருந்து சென்னைக்குத் தக்காளி ஏற்றிப் போகிற வண்டியின் டிரைவர். தெலுங்கில் சண்டைகூடப் போடுவார், ஆனால் தெலுங்கு எழுத்து என்றால் கும்பிடு போட்டுவிடுவார். இங்கிலீஷில் பெரிய எழுத்துகளைக் கூட்டிப் படிப்பார், அவ்வளவுதான். மகளின் ப்ரோக்ரஸ் கார்டைத் தலைகீழாகப் பிடித்தாலும் அவருக்கு ஒன்றுதான். அவள் படித்துச் சொல்வாள், தனக்கு வேண்டியபடி. அவர் நம்பிக் கையெழுத்துப் போடுவார்.

மொத்தத்தில் அப்பா எழுதினால் மகளுக்குத் தெரியாது, மகள் எழுதினால் அப்பாவுக்குத் தெரியாது. வாட்ஸ்அப் வந்து காப்பாற்றியது. மத்தியானம் ஆனால் அவர் குரல் வந்து விழும். "இன்னாமா, துன்னியா?" சாப்பிட்டாயா என்று கேட்பது, அவ்வளவுதான் சேதி. இவளும் குரலிலேயே "துன்னேன் நைனா" என்பாள்.

அந்தச் சீட்டைப் படிப்பதற்காக எப்சிபா ஜப்பானிய எழுத்தைக் கற்க ஆரம்பித்தாள். சென்னையிலிருந்து தேவசேனா மேடம் என்பவர் வார இறுதிகளில் ஆன்லைனில் வகுப்பெடுத்தார். முதலில் நோட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினாள். மேடம் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உன் எழுத்து ஒவ்வொண்ணும் தொப்பி போட்டிருக்கே, ஏன்?" என்றார்.

அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. தெலுங்கில் எழுத்தின் தலையில் சின்னதாக ஒரு டிக் மார்க் போடுவார்கள், தலகட்டு என்று பெயர். சின்ன வயதில் அதை விட்டுவிட்டால் பிரம்பு பேசும். அந்தக் கை ஜப்பானிய எழுத்தையும் விட்டுவைக்கவில்லை. எழுதி முடித்ததும் தானாகப் போய்த் தலையில் ஒரு டிக் அடித்துவிட்டு வந்தது. போனில் விரலால் எழுதினாலும் அதே கதை, போன் குழம்பிப்போய் வேறெதையோ காட்டியது. தொப்பிகளைக் கழற்றுவதற்குள் கோடை முடிந்துவிட்டது.

எளிய எழுத்து முடிந்து பட எழுத்துக்கு வந்ததும் அவளுக்குச் சொர்க்கம்தான். ஒவ்வொன்றையும் பிரித்துப் போட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். ஒருநாள் ஓர் எழுத்தைப் பிரித்தாள். இடது பக்கம் நடை. வலது பக்கம் கோயில். இரண்டும் சேர்ந்தால் என்ன என்று ஹர்ஷினியிடம் கேட்டாள். ஹர்ஷினியின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் திருப்பதி. யோசிக்கவே இல்லை.

"வெயிட்டிங்," என்றாள்.

சரியான விடை. எப்சிபா சிரித்துச் சிரித்துக் கட்டிலில் சாய்ந்துவிட்டாள். நடந்து கோயிலுக்குப் போனால் காத்திருக்கத்தான் வேண்டும் என்று இந்த ஊரில் யாருக்குச் சொல்லித் தர வேண்டும்! அந்த எழுத்து நவோவின் சீட்டிலும் இருந்தது. படத்தை நிறுத்திப் பார்த்து அடையாளம் கண்டுபிடித்தாள். காத்திருத்தல், பக்கத்தில் மனிதர். காத்திருக்கிற ஆள். அதற்கு மேல் ஓடவில்லை.

அந்த ஆகஸ்டில்தான் வம்பு வந்தது. லீவில் வீட்டுக்குப் போனவள், எழுத்துப் பயிற்சிக்கென்று வாங்கிய பெரிய சார்ட்டைக் கொண்டுபோய்ச் சபைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினாள். கட்டம் கட்டமாக ஜப்பானிய எழுத்து, ஒவ்வொன்றின் கீழும் அதன் ஓசை இங்கிலீஷில். சுந்தர்ராஜ் வண்டியை விட்டுவிட்டு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாது இது?"

"ஜப்பான் எழுத்து நைனா. நானே கத்துக்கினேன்."

"நம்ம எழுத்தைக் கத்துக்க வாடின்னு எத்தினி லீவு கூப்ட்டேன். கை நோவுதுன்னு ஓடிப்பூடுவ. இத்த எழுதச் சொல்லோ கை நோவுலியா?"

அவர் பாதி விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். எப்சிபாவுக்குச் சுருக்கென்றது. "நீ மட்டும் என் எழுத்தைக் கத்துக்கினியா நைனா? இந்த ஊர்லயே இத்தினி வருசமா கீற," என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்க் குத்தியது என்று தெரிந்தது. அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கை கால் கழுவப் போய்விட்டார். திருப்பதிக்குத் திரும்பிய பிறகு மத்தியானக் குரல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இவள் அனுப்பினால் நீல டிக் மட்டும் விழும், பதில் கிடையாது. அம்மாவிடம் கேட்டால், "உங்க நைனாதான, வீம்பு புட்ச்ச ஆளு, தானா வருவாரு," என்பாள். மன்னிப்புக் கேட்டு அழுது ஒரு செய்தியும் அனுப்பினாள். அதற்கும் டிக்தான். வேலை மும்முரத்தில் இருந்தால்கூட மத்தியானம் ஒரு மணிக்கு அவள் கை தானாகப் போனைத் திருப்பிப் பார்க்கும். அந்த நேரத்தில் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

கிறிஸ்துமஸுக்குப் போனபோதும் அதே நிலைதான். "தபீதா, பொண்ணுக்குச் சோறு போடு," என்பார். பொண்ணு எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். சார்ட்டைக் கிழித்திருப்பார் என்று நினைத்தாள், கிழிக்கவில்லை. ஆனால் அது இடம் மாறியிருந்தது. கீழே இறக்கி, அவர் காப்பி குடிக்கிற நாற்காலிக்கு எதிரே யாரோ ஒட்டியிருந்தார்கள். அங்கே சுவர் ஓதம் பிடித்துக் காரை உதிர்ந்திருக்கும், அதை மறைக்க அம்மாதான் ஒட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் எட்டிப் பார்க்கிறவள் இதை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

திரும்பி வந்த வாரத்தில் நவோவின் சீட்டு அவிழ்ந்தது. மீதி வார்த்தைகள் பழைய நடை, பாடப் புத்தகத்தில் இல்லாதவை. ஓர் அகராதியில் இல்லை என்றால் இன்னொன்று, அதிலும் இல்லை என்றால் மற்றொன்று என்று துரத்தி, சாப்பாட்டு இடைவேளையில் குப்பி அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து பிடித்துவிட்டாள். காத்திருக்கிற ஆள், தாமதமானாலும் வருவார்.

அவ்வளவுதான் இருந்தது சீட்டில். நவோவின் முகம் ஏன் அப்படி ஆனது என்று இப்போது புரிந்தது. வருவார் என்பதற்குச் சிரிப்பு, தாமதம் என்பதற்கு அழுகை. இத்தனை நாள் உழைத்துத் தானே படித்ததில் எப்சிபாவுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. நைனாவிடம் சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. மணி ஒன்றரை. போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள்.

புத்தாண்டன்று அவளுக்கு டியூட்டி. ஊருக்குப் போக முடியவில்லை. சபையில் வராதவர்களின் அட்டையை வீட்டு ஆட்கள் வாங்கிவைப்பது வழக்கம். மறுநாள் மத்தியானம் திருப்பதி மார்க்கெட்டுக்குச் சரக்கு கொண்டுவந்த சலீம், சுந்தர்ராஜோடு பலமனேரில் லோடு ஏற்றுகிறவர், பரிசோதனை நிலைய வாசலில் ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் பலமனேருக்குத் திரும்பிப் போனார். பையில் அம்மா செய்த முறுக்கும் அட்டையும் இருந்தன. அட்டையில் வழக்கம்போல அவளுக்குத் தெரியாத எழுத்து. அம்மாவுக்குப் போன் போட்டுப் படிக்கச் சொல்லலாம் என்று நினைத்தபடி பின்பக்கம் திருப்பினாள்.

பின்பக்கம் நீல மை பேனாவில், கோணல்மாணலாக, அழுத்தி அழுத்தி எழுதியிருந்தது.

いんなま つんにや

அவளுக்குக் கண் முதலில் நம்பவில்லை. விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டினாள். இ. ன். ந. ம. அடுத்த எழுத்து ட்ஸு. ஜப்பானிய எழுத்தில் து கிடையாது, சார்ட்டில் அதற்குக் கிட்டத்தட்ட இருந்ததை எடுத்துப் போட்டிருக்கிறார். ன். நி. ய.

இன்னாமா, ட்ஸுன்னியா?

வரிசையில் நின்றவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் எப்சிபா அழுதாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. பிறந்ததிலிருந்து அப்பா அவளுக்கு எழுதியதில் அவளால் படிக்க முடிந்த முதல் வரி அதுதான். ஒன்று மட்டும் புரியவில்லை. இரண்டு இடத்தில் எழுத்தின் தலைமேல் ஒரு புள்ளி இருந்தது. மை சிந்தியிருக்குமோ என்றால், இரண்டும் ஒரே எழுத்தின் மேல்தான், வைத்தாற்போல் இருந்தன. வராந்தாவுக்கு ஓடிப்போய் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அத்தயா கேக்குற?" தபீதாள் சிரித்தாள். "அது ன் இல்லடி? தமிழ்ல ன்னுக்கு மேல புள்ளி வெக்காம எவன் எழுதுவான்? நானும் வாணாம்னேன். புள்ளி இல்லாட்டி எப்டிடீ ன் ஆவும்னு என்னியே கேக்குறாரு. சார்ட்டை அவருதான் கீழ எறக்கி ஒட்டினாரு. காப்பி ஆறிப்போவும், இவரு அத்தயே பாத்துக்கினு குந்தினு இருப்பாரு. இது நம்ம வரிசைதாண்டி, அ, இ, உன்னு போவுது, அப்பால க, ச, த, ந வருதுன்னு ஒரே குஷி. எதுத்தாப்ல பேசினா எதுனா சொல்லிப்புடுவோம், எழுதிக் காட்டலாம்னாரு."

எப்சிபா ஒரு ரசீதுத் தாளின் பின்பக்கத்தை எடுத்தாள். எழுத எழுத, மாதக்கணக்காகக் கழற்றிவைத்த தொப்பிகள் அவசரத்தில் திரும்ப வந்து எழுத்தின் தலையில் ஏறின. அவள் அழிக்கவில்லை. ன் வருகிற இடங்களில் நிறுத்தி, மேலே ஒரு புள்ளியும் வைத்தாள். துன்னேன் நைனா என்று எழுதியிருந்தாள். பொய்தான், டிபன் பாக்ஸ் இன்னும் பையைவிட்டு வெளியே வரவில்லை. படம் எடுத்து அனுப்பினாள்.

நீல டிக் விழுந்தது. சாயங்காலம் வரை ஒன்றுமில்லை. வரிசை நகர்ந்தது, பெயர் கேட்டாள், ஸ்டிக்கர் ஒட்டினாள். பிறகு போன் அதிர்ந்தது. குரல் செய்தி. எடுத்துக் காதில் வைத்தாள்.

முதலில் லாரி ஹார்ன். அதன் பிறகு அப்பாவின் குரல், ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி எழுத்துக் கூட்டியது. "ட்ஸு... ன்... னே... ன். ந... இ... ந." கொஞ்சம் நின்றது. திரும்ப முதலிலிருந்து, இந்த முறை வேகமாக, சேர்த்துப் படித்தது. அப்புறம் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு யாரிடமோ உரக்கச் சொல்வது கேட்டது.

"சலீமு, என் பொண்ணு துன்னுட்டாளாம்டா."