மகேஸ்வரி சேர்த்த பூக்கள்

கொழும்பில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது, ஹட்டனிலிருந்து எங்கள் பழைய ஸ்டூடியோ முதலாளி அழைத்தார். “மகேஸு போயிருச்சும்மா. நாளைக்கு எடுக்குறாங்க.” வந்த பஸ்ஸில் ஏறத் தோன்றவில்லை. சிறுநீரக நோய் முற்றிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்ததால் எதுவும் இலேசாகிவிடவில்லை.

அந்த ஸ்டூடியோவில் நானும் மகேஸ்வரியும் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்தோம். ஹட்டன் பக்கத்தில் உங்களில் பலருடைய கல்யாண வீடியோவில் மணமக்கள் பெயர்களைத் திரையில் சுழன்று வரவைத்தவர் அவர்தான். ஒரு பெயருக்குச் செய்த அசையும் அலங்கார எபெக்டைப் பிரதியெடுத்து இன்னொன்றில் ஒட்டுவார். பெயர் மிதந்து வருவதோடு மங்கி மறைவதையும் சேர்ப்பார். முகூர்த்த மாதங்களில் புதிதாகச் செய்ய எங்கே நேரம்? “எல்லாருக்கும் ஒரே ரோசாப்பூதான். பேரு மட்டுந்தான் வேற,” என்று கொட்டாவி விடுவார்.

ஒருமுறை கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து சாவு வீட்டு வீடியோ வந்தது. காய்ச்சலில் இறந்த இளம்பெண். மங்கி மறைவது மட்டும் போதுமென்று கல்யாண டைட்டிலிலிருந்து மகேஸ்வரி பிரதியெடுத்தார். அதோடு மற்ற எபெக்டுகளும் ஒட்டிக்கொண்டன. அவர் அதைக் கவனிக்கவில்லை. சீடி போய்ச் சேர்ந்த பிறகுதான் கண்டோம்: இறந்தவளின் பெயர்மீது ரோஜா இதழ்கள் கொட்டின, சிவப்பு இதயங்கள் வெடித்தன.

இருவரும் பஸ் பிடித்துப் போனோம். தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் அந்தப் பெண்ணின் தாய் உட்கார்ந்திருந்தார்.

“தப்பு நடந்துபோச்சும்மா. மாத்திக் குடுத்துர்றேன்,” என்றார் மகேஸ்வரி.

“பாத்தோம் புள்ள. அதுக்குக் கல்யாணம் கட்டிப் பாக்க எங்களுக்குக் குடுத்து வைக்கல. பூவாவது விழட்டும். எடுத்துராதீங்க.”

மறுநாள் மகேஸ்வரி இதயங்களை மட்டும் நீக்கினார். இதழ்கள் விழும் வேகத்தைக் குறைத்தார். ஒவ்வொன்றும் இறங்கி அடங்கிய பின்பே பெயர் மறைந்தது. அந்தச் சேர்க்கையை வேறு எந்த வேலைக்கும் அவர் ஒட்டவில்லை. முதலாளி கேட்டும் கொடுக்கவில்லை. “அது அந்தப் புள்ளையோடது,” என்றார்.

அதற்குப் பிறகு எதை முடித்தாலும் என்னையும் இழுத்து உட்கார வைப்பார். “அந்த வீட்டு ஆளா ஒக்காந்து ஒரு தடவ பாரு.”

மகேஸ்வரியின் அடக்கத்துக்குப் போய்த் திரும்பிய உடம்பு அசதியில் கிடந்தது. கொழும்பு ஆபீசில் நான் எடிட் செய்த ஒரு விளம்பரம் முடிந்து கிடந்தது, அனுப்பினால் போதும். நாற்காலியை இழுத்துப் போட்டு முழுவதையும் பார்த்தேன். அவர் எனக்கு விட்டுப்போனது அதுதான்.