யார் உடைத்தது என்று கேட்காத கல்யாணி

செங்கல்பட்டில் கேசவனும் கல்யாணியும் சீட் கவர் கடை போட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. 1997-ம் வருஷம். ஆட்டோ வந்தது, வேன் வந்தது, கார் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. கல்பாக்கம் குடியிருப்பில் ஒரு வீட்டில் நல்ல பேர் வாங்கிவிட்டால் போதும், மற்ற வீட்டுக் கார்கள் தானாக வரும் என்பது கேசவன் கணக்கு. கெட்ட பேர் வாங்கினால் அது இன்னும் சீக்கிரம் போய்ச் சேரும் என்பது கல்யாணியின் பயம்.

அங்கிருந்து வந்த முதல் கார் சிவப்பிரகாசத்தின் வெள்ளை மாருதி. அவர் அணு ஆராய்ச்சி மையத்தில் விஞ்ஞானி. ஊரில் ஒரு கல்யாணத்துக்கு மனைவியோடு வந்தவர், சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதற்குள் சீட்டுக்கும் கதவுக்கும் புதுத் துணி போட்டுவிட வேண்டும் என்றார்.

மனைவி சாந்தா இறங்கும்போதே எச்சரித்தாள். "இது எங்க அப்பா எனக்குக் கொடுத்த கார். எட்டு வருஷத்துல ஒரு கீறல் கிடையாது. பாத்துச் செய்ங்க."

சிவப்பிரகாசம் டிரைவர் பக்கக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு அவசரமாக நடையைக் கட்டினார்.

துணி போடுவதற்காக டிரைவர் பக்கக் கதவின் உட்புறம் கீழே, சாமான் வைக்கத் திருகியிருந்த கெட்டிப் பிளாஸ்டிக் பையைக் கேசவன் கழற்றினான். திருகாணி வந்தது, கூடவே பாதிப் பையும் வந்தது.

"கல்யாணி! இங்க வா. கைய வச்சேன், புட்டுகினு வந்துடுச்சி!"

"மெல்ல புடிக்கக் கூடாதா?"

"மெல்லத்தான் புடிச்சேன். அப்பளமாட்டம் கீது."

வருஷக்கணக்காக வெயிலில் நிற்கும் காரில் பிளாஸ்டிக் அப்படித்தான் ஆகும். பார்க்கப் பளபளவென்று இருக்கும், உள்ளே சத்து இருக்காது. புதுசு வாங்க மெட்ராஸுக்கு ஓடவேண்டும், அதற்கு நேரமில்லை. கேசவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

கல்யாணி உடைந்த துண்டைத் திருப்பிப் பார்த்தாள். விளிம்பில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். குழந்தைகள் காகிதம் ஒட்டும் பசை!

"யோவ், இது நாம ஒடைச்சதில்ல. முன்னாடியே ஒடைச்சி யாரோ ஒட்டிக்கீறாங்க."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஆனால் கேசவன் முகம் தெளியவில்லை. "சொன்னா நம்புவாங்களா? ஒடைச்சிட்டு கதை வுடுறோம்னுவாங்க."

அதுவும் சரிதான். கல்யாணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "மொதல்ல ஒட்டுவோம். பேச்செல்லாம் அப்பறம்."

கல்யாணத்துக்கு முன்பு கருங்குழியில் ரேடியோ கடையில் வேலை பார்த்தவள் அவள். ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோல் கையில் பழகியிருந்தது. முன்பு ஒருமுறை வாளித் துண்டை உருக்கி ஒட்டப்போய், ஆறியதும் அது தோலாக உரிந்து வந்து அவமானப்பட்டிருக்கிறாள். அதே ஜாதிப் பிளாஸ்டிக்தான் ஒட்டும் என்று அப்போது தெரிந்துகொண்டதால், பக்கத்து மெக்கானிக்கிடம் கிடந்த இன்னொரு மாருதியின் உடைசலை வாங்கிவந்தாள். வெள்ளைப் பசையை மிச்சமில்லாமல் சுரண்டினாள். பழைய டீ வடிகட்டியின் கம்பிவலையை வெட்டி, விரிசலின் பின்பக்கம் வைத்துச் சூட்டுக்கோலால் அழுத்திப் புதைத்தாள். அதன்மேல் உடைசலைச் சீவி உருக்கி ஊற்றினாள். முன்பக்கம் இளகிய இடத்தில் உப்புத்தாளை அமுக்கி எடுத்ததும், வழவழப்பு போய்ப் பழைய சொரசொரப்பு வந்துவிட்டது. திருகாணி ஓட்டைக்கு ஒரு வாஷர். மாட்டி முடித்துக் கை கழுவும்போது தாம்பூலப் பையோடு இருவரும் வந்துவிட்டார்கள்.

சாந்தா சீட்டைத் தடவிப் பார்த்தாள். கதவைத் திறந்து பையைப் பிடித்து ஆட்டினாள். உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று வாயெடுத்த கல்யாணி, சாந்தாவுக்குப் பின்னால் சிவப்பிரகாசத்தைப் பார்த்தாள். பெரிய மனிதர், பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி கெஞ்சும் கண்ணோடு வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பசை யாருடையது என்று புரிந்துவிட்டது.

"இந்தப் பை லேசா ஆடுமே. இப்ப கல்லு மாதிரி இருக்கே?" என்றாள் சாந்தா.

"கொஞ்சம் லூசா இருந்திச்சி மேடம். டைட் பண்ணிக்கீறோம்."

சிவப்பிரகாசம் விட்ட பெருமூச்சு தையல் மிஷின் வரை கேட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அதே கார் மறுபடி வந்து நின்றது. கேசவனுக்குத் திக்கென்றது. சாந்தா தனியாக ஓட்டி வந்திருந்தாள். டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த தட்டைக் காட்டினாள். ஓரத்தில் விரிசல். விரிசலுக்குள் அதே வெள்ளைப் பசை!

"தேங்காய்ப் பையை வெச்சேன், உடைஞ்சிடுச்சு. நானே ஒட்டிப் பாத்தேன், நிக்கல. அவருக்குத் தெரிய வேண்டாம், என்ன?"

"எங்க வாயிலிருந்து வராது மேடம். ஒக்காருங்க," என்றாள் கல்யாணி, சிரிப்பை விழுங்கிக்கொண்டு. தட்டை ஒட்டி வாங்கிக்கொண்டு சாந்தா போனபிறகு புருஷனும் பெண்டாட்டியும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நாலு மாதத்துப் பயம் அந்தச் சிரிப்பில் போயிற்று.

அதன்பிறகு குடியிருப்பிலிருந்து கார்கள் வரத் தொடங்கின. சிறுசேரி கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு ஓடும் வண்டிகளும் பின்னாளில் வந்தன. எதைக் கொண்டுவந்தாலும் யார் உடைத்தது என்று கல்யாணி கேட்பதில்லை.

2005-ல் சிவப்பிரகாசம் காரை விற்றார். வாங்குபவரோடு மூவருமாகக் கடைக்கே வந்தார்கள். வாங்க வந்தவர் உள்ளே குனிந்து கதவு, தட்டு எல்லாம் தட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, பதினாறு வருஷத்து வண்டி, எல்லாம் கெட்டியா இருக்கே! ஒண்ணுமே உடையலையா?"

கணவனும் மனைவியும் ஒரே சமயத்தில் கல்யாணியைப் பார்த்தார்கள். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.