மச்சாளுக்குக் கொண்டுபோன கடுதாசி

காலை ஒன்பது பத்துக்கு, மொன்ட்ரியாலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் என் மூன்றாம் மாடி வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கினேன். ஏப்ரல் மாதம். றோட்டோரத்துப் பனி கரைந்து கறுப்புக் குவியலாகக் கிடந்தது. என் கழுத்தில் செபமாலையும், கறுப்புத் துணிக்குள் வைத்துத் தைத்த ஒரு கடுதாசியும் தொங்கின. அந்தக் கடுதாசியோடு அன்று இரண்டு இடத்துக்குப் போய் வந்தேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். மெதுவாக எழுதினாலும் நடந்ததைத்தான் எழுதுவேன்.

முதலில் கடுதாசி என்னவென்று சொல்ல வேண்டும். அது ஒரு செபம். வானத்திலிருந்து வந்தது என்பார்கள். அதை உடம்பில் வைத்திருப்பவர் தண்ணீரிலும் நெருப்பிலும் சாகமாட்டார், பிள்ளைப்பேற்றில் தாயும் பிள்ளையும் தப்பும் என்பது எங்கள் கடற்கரையின் நம்பிக்கை. கலியாணத்தன்று அம்மா அதை என் கழுத்தில் கட்டி, "உடம்பை விட்டு இறக்காதை, பிரிக்காதை" என்றார். ஐம்பது வருடத்துக்கு மேல் நான் பிரிக்கவில்லை. துணி நைந்தால் மேலே இன்னொரு துணி வைத்துத் தைப்பேன்.

சண்டையில் ஊரைவிட்டு ஓடி ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்த நாட்களில், என் தம்பியின் மனைவி மரியபுஷ்பம் நிறைமாதம். டொக்டர் இல்லை, மருந்து இல்லை. "மச்சாள், ஒரு கிழமைக்கு அதைத் தாருங்கோ" என்று கேட்டார். நான் கொடுக்கவில்லை. பிள்ளை சுகமாய்ப் பிறந்தது. பெயர் டிலானி. ஆனால் மச்சாள் அன்றிலிருந்து என்னோடு வேண்டிய கதைக்கு மேல் ஒரு சொல் கதைத்ததில்லை. முப்பது வருடம் தாண்டிவிட்டது. இரண்டு பேரும் ஒரே நகரத்தில்தான் இருக்கிறோம்.

இப்போது டிலானிக்கு எட்டாம் மாதம். முன்னே இரண்டு தரம் கலைந்துபோனது. மச்சாள் இன்னொரு தரம் கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். கொடுக்க எனக்கு மனம் இருந்தது. எழுதிக் கொடுக்கலாம் என்றால் பிரிக்க வேண்டும். பிரித்தால் அதன் சக்தி போய்விடுமோ என்று பயம். பாதரிடம் கேட்டேன். "அது திருச்சபை ஏற்றுக்கொள்ளாத செபம், அம்மா" என்று சிரித்துவிட்டுப் போனார். சிரிப்பு எனக்குப் பதில் இல்லை.

ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் பிறகு ஒரு பெண், ஊரிலிருந்து பழைய செபக் கடுதாசி கொண்டுவந்தவர்கள் இருந்தால் தனக்குக் காட்டச் சொல்லிக் கேட்டிருந்தார். ஷீலா என்று பெயர், நாகர்கோவில் ஆள், நாற்பது வயதிருக்கும். மலைச்சரிவில் உள்ள பல்கலைக்கழகத்தில், வேதாகமத்துக்கு வெளியே நின்றுபோன பழைய எழுத்துகளை ஆராய்கிறவர். அவரிடம்தான் முதலில் போனேன்.

போகிற வழியில் ஜான் தலோன் றோட்டுக் கடையில் டிலானிக்கு இரண்டு பச்சை மாங்காய் வாங்கினேன். மூன்று டொலர் நாற்பது சதம். பார்க் நிலையத்தில் மெற்றோ. அறுபத்தைந்து தாண்டிய எங்களுக்கு இலவசம், அட்டையை வைத்தால் கதவு திறக்கும். மூன்றாவது நிறுத்தம் எடுவார் மொன்பெத்தி. ஏழு நிமிடம்கூட ஆகவில்லை. அங்கிருந்து மேட்டில் ஏறத்தான் கால்மணி நேரம் பிடித்தது. வழியில் இரண்டு தரம் நின்றேன். களைப்பினால் அல்ல, கீழே நகரம் நன்றாகத் தெரிந்தது.

பத்து மணி. "வாங்க பாட்டி, உக்காருங்க" என்றார் ஷீலா.

"பாட்டி எண்டு கூப்பிடாதேங்கோ. எனக்குப் பேர் திரேசம்மா."

"சரிங்க, திரேசம்மா. காபி?"

"தேத்தண்ணி இருந்தால் குடிப்பன்."

கணினியில் ஒரு படம் காட்டினார். சுருட்டி வைத்திருந்த மெல்லிய வெள்ளித் தகடு, விரித்தால் ஒரு சாண் வரும். எறும்பு ஊர்ந்ததுபோல எழுத்து. ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன்னே சிரியாப் பக்கத்தில் யாரோ கழுத்தில் போட்டிருந்ததாம்.

"சுருட்டினபடி இருந்ததைப் பிரிச்சது ஆர்?"

"எங்கள மாதிரி ஆளுங்கதாம்மா."

"பிரிச்சவைக்கு ஒண்டும் நடக்கேல்லையோ?"

"ஒருத்தருக்கு முதுகு வலி வந்துச்சு. குனிஞ்சே பார்த்ததால."

அந்தக் காலத்தில் யூதரும் கிறிஸ்தவரும் ஒரே தெருவில் இருந்தார்களாம். வானத்தில் எத்தனை தட்டு, எந்த வாசலில் எந்தச் சம்மனசு, அதாவது தேவதூதர், காவல் என்று மறைவாக எழுதி வைத்தார்களாம். ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்தார்களாம். பிறகு பெரியவர்கள் கூடி, இது வேதம், இது வேதமில்லை என்று பிரித்தபோது அவை வெளியே நின்றுவிட்டன. "புத்தகம் வெளிய போச்சு. அதுல இருந்த பேருங்க மட்டும் தகட்டுலயும் தாள்லயும் ஏறி ஊர் ஊரா போயிடுச்சு" என்றார்.

என் கழுத்தை அவர் பார்க்கவே இல்லை. "பிரிக்கிறதும் பிரிக்காததும் உங்க இஷ்டம். நான் கை வைக்க மாட்டேன்" என்றார். அதனால்தான் கத்தரிக்கோல் கேட்டேன்.

நான்கு துணி வெட்ட வேண்டியிருந்தது. உள்ளே கொப்பித் தாள், நான்காக மடித்து, ஊதாப் பென்சிலில் அம்மாவின் எழுத்து. எழுத்துக் கூட்டி வாசித்தேன். மிக்கேல், கபிரியேல், இரபாயேல், ஊரியேல்.

ஷீலா கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். "ஊரியேலா? அவர் நம்ம வேதாகமத்துல கிடையாதே. யூதர்களோட வெளிப் புத்தகத்துல இருக்கிற சம்மனசு. உங்க ஊருக்கு எப்படி வந்தார்?"

"கப்பல்ல வந்திருப்பார். நாங்களும் பிறகு கப்பல்லதானே வந்தனாங்கள்."

அடுத்த வரியில் நின்றுவிட்டேன். "படிங்கம்மா" என்றார்.

"அ… தோ… நாய்."

என் முகம் சுட்டது. செபத்துக்குள்ளே நாய். அதைத்தான் கடலிலும் காட்டிலும் ஆகாயக் கப்பலிலும் கழுத்தில் கொண்டு திரிந்தேனா? ஷீலா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, இது நாய் இல்ல. அதோனாய். எபிரேயச் சொல்லு. யூதருங்க ஆண்டவரைக் கூப்பிடுற பேர். யாரோ சொல்லச் சொல்ல உங்கம்மா காதால கேட்டு எழுதியிருக்காங்க."

அம்மாவும் என்னைப்போல எழுத்துக் கூட்டுகிறவர்தான். கேட்டதைத் தனக்குத் தெரிந்த சொல்லாக எழுதியிருக்கிறார். எனக்கும் சிரிப்பு வந்தது.

கடைசி இரண்டு வரியில் அந்தச் சிரிப்பு நின்றது. "இதைக் கேட்பவருக்கு மறுக்காமல் எழுதிக் கொடுக்கவும். மறுத்து வைத்திருப்பவருக்கு இதனால் பலனில்லை."

இரண்டாம் தரமும் வாசித்தேன். பழைய கடுதாசிகளிலும் இப்படி ஒரு வரி வரும் என்று ஷீலா சொன்னார். பிரிக்காதே என்று சொன்ன அம்மா இதைச் சொல்லவில்லை. மறந்தாரோ, நான்தான் அன்று கேட்கவில்லையோ. நான் தாள் கேட்டேன்.

"பிரதி எடுத்துத் தரேன், ஒரு நிமிஷம்" என்றார்.

"எழுதிக் குடுக்கச் சொல்லித்தான் கிடக்கு. மெசினில அடிக்கச் சொல்லேல்லை."

இரண்டு பக்கம் எழுத ஒன்றேகால் மணி நேரம் எடுத்தது. அந்தச் சொல் வந்தபோது சரியான எழுத்தைக் கேட்டேன்.

"நாங்க திருத்த மாட்டோம்மா. இருக்கிறபடிதான் எழுதுவோம்."

"நீங்கள் படிக்கிறதுக்கு எழுதுறியள். நான் பிள்ளைப்பேற்றுக்கு எழுதுறன்."

சொல்லித் தந்தார். அதோனாய் என்று எழுதினேன். பழைய தாளைப் படம் எடுக்கவும் விட்டேன், என் பெயர் போடாமல்.

பன்னிரண்டரைக்குத் திரும்ப மெற்றோ. நீலப் பாதையின் முடிவில் சென் மிஷேல், அங்கிருந்து வடக்கே 67ஆம் பஸ். சாரதி ஹெயிட்டிக்காரர். நான் ஏற வசதியாகப் பஸ்ஸைத் தாழ்த்திவிட்டு, "டூஸ்மோ, மமோ" என்றார். முந்தி இதைக் கேட்டு, என்னை ஏன் மாமன் என்கிறார்கள் என்று யோசித்ததுண்டு. மெதுவாக, அம்மா என்று பொருளாம். "மெர்சி" என்று நன்றி சொன்னேன். ஆங்ரி பூராசாவில் இறங்கி எட்டு நிமிட நடை. மொன்ட்ரியால்-நோரில் மச்சாளின் வீட்டுக்கு வெளியிலிருந்தே இரும்புப் படி. ஏறி மணி அடித்தபோது ஒன்று நாற்பத்தைந்து.

மச்சாள் கதவைப் பாதி திறந்தார். "என்ன, வழி தவறி வந்திட்டியளோ?"

"இல்லை. வழி தெரிஞ்சுதான் வந்தனான்."

டிலானி வீங்கிய காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு இருந்தாள். "மாமி! வாங்கோ" என்று கத்திவிட்டு மாங்காயைப் பறித்தாள். நான் இரண்டு கடுதாசியையும் மேசையில் வைத்து, எழுதியதை மச்சாளிடம் நீட்டினேன். அவர் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். கண்ணாடியைப் போட்டு, சத்தமாக, ஓரிடமும் தடக்காமல் வாசித்தார். கடைசி வரியை மட்டும் மனதுக்குள் வாசித்தார்.

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"இண்டைக்குப் பதினொரு மணிக்கு."

"அண்டைக்குத் தெரிஞ்சிருந்தால் தந்திருப்பியளோ?"

ஓம் என்று சொல்லலாம். வயதுக்கு மரியாதையும் அதுதான். ஆனால் கடுதாசி முன்னே கிடந்தது.

"தெரியாது மச்சாள். எனக்கு அப்ப மூண்டு பிள்ளையள். எனக்கும் பயம்."

மச்சாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கனநேரம் துடைத்தார்.

"நகல் எனக்கு வேண்டாம்" என்றார். "பழசைத் தாங்கோ."

"அம்மா, என்ன இது! ரெண்டையும் போன்ல படம் எடுத்து வைக்கிறன்" என்றாள் டிலானி.

"பேசாமல் இரு" என்றோம் இரண்டு பேரும்.

அம்மாவின் எழுத்தை எடுத்து மச்சாளின் கையில் வைத்தேன். மடித்த இடம் விட்டுப்போகாமல் இரண்டு கையாலும் ஏந்தி வாங்கினார். அலுமாரியில் துணி தேடினார். "எனக்குக் கண் தெரியாது, ஊசியைக் கோத்துத் தாங்கோ" என்றார். கோத்துக் கொடுத்தேன். தைத்து டிலானியின் கழுத்தில் கட்டினார். பிறகு தேத்தண்ணி வந்தது. சீனி கூடிவிட்டது. நான் அதைச் சொல்லவில்லை.

நாலு மணிக்குப் புறப்பட்டேன். ஊரில் மச்சாளின் வீட்டுக்குப் போக வேலியில் ஒரு பொட்டு, ஆள் நுழையும் ஓட்டை, இருந்தது, குனிந்தால் சரி. இங்கே மெற்றோ, பஸ், இரும்புப் படி. தூரம் பத்துக் கிலோமீற்றர்கூட வராது என்று டிலானி சொன்னாள். பஸ்ஸில் என் கழுத்தில் இருந்தது நான் எழுதிய கடுதாசி. தாள் புதிது, மடிப்பின் முனை குத்திக்கொண்டே வந்தது. என் எழுத்துக்குச் சக்தி உண்டோ இல்லையோ, எனக்குத் தெரியாது. டிலானிக்கு இன்னும் நாள் வரவில்லை.

இதை வாசிப்பவர் யாருக்காவது வேண்டுமென்றால் எழுதித் தருவேன். ஒன்றேகால் மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். ஒருதரம் கேட்டால் போதும்.