பூட்டாமல் அனுப்பிய போன்

எங்கள் மலையூரில் சிக்னல் கிடையாது. அதற்காக யாரும் உட்கார்ந்து அழுவதும் கிடையாது. திருப்பூரில் இருக்கும் மகனுக்கு மெசேஜ் அனுப்ப வேண்டுமா, டைப் செய்து, போனை ஒரு துணிப்பையில் போட்டு, மத்தியானம் ஒடுகத்தூருக்கு இறங்கும் பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுவோம். மூன்றாவது வளைவில் சிக்னல் கிடைத்ததும் எல்லாம் தானாகப் போய்விடும். சாயங்காலம் அதே பஸ்ஸில் பதில்களோடு போன் வீடு திரும்பும். கல்லூரி விடுதியில் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நான் அப்போது இரண்டாம் வருடம் வேதியியல். ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் இல்லாத நாட்டுக்கு மேப் போடுவதும், அந்த நாட்டைப் பற்றி ஒரு ஆப்பில் மாயக்கதை எழுதுவதும்தான் என் பொழுதுபோக்கு. ஒரு பேப்பரில் அரியர் விழுந்ததும் அப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

“கதை கிதைன்னு இன்னொரு தபா காதுல வுழுந்துச்சி, காலேஜ் கெடையாது. வூட்டோட இரு.”

அப்பா சொன்னால் சொன்னதுதான். அந்தக் கோபத்தில் என் கதைக்குள் ஒரு ராட்சசன் வந்தான். இடது காலைச் சாய்த்து நடப்பான். பேசுவதற்கு முன் இரண்டு முறை செருமுவான். எதைக் கேட்டாலும் “இன்னாத்துக்கு?” என்பான். கடைசி அத்தியாயத்தில் அவன் தண்ணீர் கேட்டுக் கெஞ்சியே சாவான். மகள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். எழுதி முடித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

பரீட்சை லீவில் ஊரில் இருந்தேன். அந்த ஆப் நடத்திய கதைப் போட்டிக்கு அந்தக் கடைசி அத்தியாயம் அன்று மாலை ஆறு மணிக்குள் போயாக வேண்டும். அப்பா சாமை விற்க விடியற்காலையிலேயே ஒடுகத்தூர் போயிருந்தார். அத்தை வீட்டில் தங்கிவிட்டு மறுநாள்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். நல்லதாகப் போயிற்று என்று பையை டிரைவரிடம் கொடுத்தேன். அந்த ஆப் திறந்திருந்தால்தான் அனுப்பும். அதனால் லாக்கை எடுத்துவிட்டிருந்தேன்.

பஸ் கண் மறைந்த பிறகுதான் உறைத்தது. திரும்பி வரும்போது, போன் எந்த வீட்டுடையதோ அந்த வீட்டு ஆள் யாராவது பஸ்ஸில் இருந்தால் டிரைவர் பையை அவர்கள் கையில் கொடுத்துவிடுவார். அதுதான் வழக்கம். அப்பா மனசு மாறி இன்றைக்கே கிளம்பிவிட்டால்?

சாயங்காலம் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்து மணிக்கு முன்பே போய் நிறுத்தத்தில் நின்றேன். பஸ் வந்தது. டிரைவர் தலையை நீட்டினார்.

“உங்கப்பாரு கையில குடுத்துட்டேன் பாப்பா. அதையே பாத்துக்கினு வந்தாரு. மூணாவது வளைவுல நிறுத்தச் சொல்லி எறங்கிட்டாரு.”

“அங்க இன்னாத்துக்குண்ணா?”

“கேட்டேன். பேசலியே.”

அந்த வளைவில் வீடு இல்லை, கடை இல்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். போனைப் பள்ளத்தில் எறியத்தான் இறங்கியிருப்பார் என்று முடிவே செய்துவிட்டேன். போன் போனால் போகட்டும். காலேஜ்? வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்து நடந்து கால் வலித்ததுதான் மிச்சம்.

ஒரு மணி நேரம் கழித்து அப்பா நடந்தே வந்தார். இடது காலை வழக்கத்தைவிட அதிகமாகச் சாய்த்து நடந்தார். வாசலில் உட்கார்ந்து போனை நீட்டினார்.

“போவலன்னு செவப்பா காட்டுச்சி. ஆறு மணிக்குள்ள அனுப்பணும்னும் போட்டிருந்துச்சி. அந்த வளைவத் தாண்டினா சிக்னல் இல்ல, பஸ்ஸும் அங்க நிக்காது. அதான் எறங்கி அமுக்கினேன். நாலு வாட்டி போவல. அஞ்சாவது வாட்டி போச்சி.”

போனை வாங்கிக்கொண்டேன். “படிச்சியாப்பா?”

இரண்டு முறை செருமினார்.

“அது போற வரைக்கும் சும்மாவா நிக்கிறது? படிச்சேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

“தண்ணி குடும்மா.”

உள்ளே ஓடினேன். சொம்பு நிறைய மொண்டு வருவதற்குள் ஓடிய வேகத்தில் பாதி சிந்திவிட்டது. மறுபடியும் குடத்துக்கு ஓடினேன்.