சூடேறாத சுண்ணாம்புக் குடுவை

அம்பத்தூரில் நான் நர்ஸாக இருந்த மருத்துவமனையில், மயக்க மருந்து மெஷினோடு ஒரு கண்ணாடிக் குடுவை இருந்தது. அதற்குள் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் குருணை. நோயாளி வெளியே விடும் மூச்சு அதன் வழியாகப் போய், கரியமிலவாயுவைத் தொலைத்துவிட்டு, மறுபடி அவருக்கே திரும்பும். அதற்கு நெருப்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். வேலை செய்யச் செய்யச் சுண்ணாம்பு தானே சூடாகும். சக்தி தீர்ந்தால் ஊதாவாகும். ஊதாவானால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு காலை, அந்த மெஷினுக்குப் பக்கத்து ஆபரேஷன் மேசையில் என் தங்கை படுத்திருந்தாள். பித்தப்பையில் கல். மேனாம்பேட்டிலிருந்து வந்ததிலிருந்தே என் கையை விடவில்லை. "அக்கா, இங்கதானே கீற? எங்கியும் பூடாத," என்றாள். "அவங்க எங்கயும் போக மாட்டாங்கம்மா," என்று சொல்லி, மயக்கம் கொடுக்கும் டாக்டரம்மா மருந்தைக் கொடுத்தார்.

சர்ஜன் வயிற்றைத் திறந்த கொஞ்ச நேரத்தில் தங்கையின் முகம் சிவந்தது. நெற்றி வியர்த்தது. மயக்கம் போதவில்லையோ என்று டாக்டரம்மா மருந்தைக் கூட்டினார். நாடி இன்னும் ஏறியது. நான் குடுவையைப் பார்த்தேன், பளிச்சென்று வெள்ளை. அவரும் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"ஜில்லுனு இருக்கு சிஸ்டர். இது செத்துப்போன சுண்ணாம்பு."

குடுவையின் வழியை அடைத்து, ஆக்சிஜனை முழுக்கத் திறந்துவிட்டு, தங்கையின் மூச்சு அப்படியே வெளியே போகும்படி செய்தார். மூச்சுப் பையை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். நான் புது டின்னை உடைத்துக் குடுவையை நிரப்பினேன். முகத்துச் சிவப்பு இறங்கும்வரை மாதாவிடம் என்னென்ன நேர்ந்துகொண்டேன் என்று இப்போது நினைவில்லை.

முதல் நாள் மாலையே ஊதாவாகிவிட்ட சுண்ணாம்பு அது, மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். இரவெல்லாம் சும்மா கிடந்தால் நிறம் மட்டும் வெள்ளைக்குத் திரும்பும், சக்தி திரும்பாது. தங்கை விட்ட கரியமிலவாயு அவளுக்கே திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. காலையில் வெள்ளையைப் பார்த்து, யாரோ புதிதாக நிரப்பியிருக்கிறார்கள் என்று டாக்டரம்மா நினைத்துவிட்டார். தங்கை கண் விழித்ததும் அவள் கட்டிலருகே உட்கார்ந்து அவரே இதைச் சொன்னார். "நிறத்த நம்பிட்டேம்மா. தொட்டுப் பாத்திருக்கணும்." எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, மறைக்காமல் சொன்னாரே என்று மரியாதையும் வந்தது. இரண்டும் இன்றுவரை போகவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆபரேஷனிலும், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல, குடுவையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்.

போன வாரம் டிவியில், ஆலைப் புகையிலிருக்கும் கரியமிலவாயுவை அதிகம் எரிபொருள் செலவழிக்காமல் பிடிப்பது பற்றிக் காட்டினார்கள். ஒருவர் வெள்ளைக் குருணையை உள்ளங்கையில் கொட்டிக் காண்பித்தார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாக்கா, அப்டி பாத்துகினு கீற?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை.

அவள் கையைத் தொட்டேன். சூடாக இருந்தது.