பின்சுவரில் ஒரு வாசல்

எந்த மாலுக்குப் போனாலும் நான் முதலில் அதற்கு எத்தனை வாசல் என்றுதான் பார்ப்பேன். என் கணவருக்கு அது வேடிக்கை. மீன்காரி வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் புத்தி போகாது.

மணமேல்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மாவும் அவளுடைய அக்காவான என் பெரியம்மாவும் ரோட்டோரம் சாக்கு விரித்து மீன் விற்றவர்கள். நான் நான்காவது படிக்கும்போது பஞ்சாயத்தில் மார்க்கெட் கட்டிக்கொடுத்தார்கள். டைல்ஸ் மேடை, தண்ணீர்க் குழாய், கூரை, எல்லாம் ராஜ உபசாரம்தான். ஆனால் வாசல் ஒன்றே ஒன்று. சீட்டுக் குலுக்கியதில் வாசலை ஒட்டிய முதல் கடை பெரியம்மாவுக்கும், பின்சுவரை ஒட்டிய கடைசிக் கடை அம்மாவுக்கும் விழுந்தன.

வருகிறவர்கள் முன்கடைகளிலேயே பையை நிரப்பிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அம்மா சாயங்காலம் வரை ஈ விரட்டுவாள். மிஞ்சிய மீன் தினமும் கருவாடானது. "பழையபடி ரோட்டுக்கே போயிருவோம்மா" என்றேன்.

"நாம ஏன் போகணும்? இங்கிட்டு ஒரு வாசல் வைக்கட்டும்" என்று பின்சுவரைத் தட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டு.

அன்றிலிருந்து பஞ்சாயத்துத் தலைவரைக் கண்ட இடத்திலெல்லாம் மறித்தாள். "கடைக்காரங்க எல்லாரும் சம்மதிச்சா இடிச்சுக்கலாம்மா" என்று சொல்லி அவர் தப்பித்தார். அம்மா கடை கடையாக ஏறி இறங்கினாள். முன்கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்படியும் அவள் விடவில்லை. ஆனால் பெரியம்மாவிடம் மட்டும் வாயே திறக்கவில்லை. கூடப்பிறந்தவளிடம் கேட்க என்ன வெட்கம் என்று எனக்கு ஒரே எரிச்சல்.

தலைவர் மார்க்கெட்டுக்கு நேரில் வந்த அன்று பெரியம்மா தானாகவே எழுந்து நின்றாள்.

"மொதக் கடைக்காரி நான் சொல்றேன். இடிங்க சார்."

முதல் கடைக்காரியே சொன்ன பிறகு மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

புது வாசல் திறந்ததும் பஸ்ஸில் இறங்கிய கூட்டம் நேராக அம்மாவிடம் வந்து நின்றது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பெரியம்மாவிடம் சொல்ல ஓடினேன். அவள் ஈ விரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒங்காத்தாளுக்கு யாவாரம் எப்புடிடி?"

"செம கூட்டம் பெரியம்மா!"

"அப்ப நீ ஏன் இங்கன நிக்கிற? போய்க் கூடமாட எடுத்துக் குடு."

அன்று வீடு திரும்பும்போது, விற்காமல் ஒதுக்கி வைத்திருந்த பெரிய கொடுவா மீனை அம்மா பெரியம்மாவின் கூடையில் போட்டாள். நல்ல விலைக்குப் போயிருக்கும் மீனாயிற்றே என்று எனக்கு மனசு ஆறவில்லை. பெரியம்மாவை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. வியாபாரத்தில் விவரம் பத்தாமல் தன் கடையைத் தானே கெடுத்துக்கொண்டாள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.